மாடி அடுப்பு

கலைமதி டெல்லியிலிருந்து வந்து இறங்கிய நாலாம் நாள், படப்பைக் கடையிலிருந்து ஒரு குட்டி வண்டியில் இரட்டை பர்னர் அடுப்பு வந்து சேர்ந்தது. அவள் அக்கா சரோஜா அப்போது வீட்டில் வாடகைக்கு இருக்கிற பதினோரு பையன்களுக்குக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் அட்டைப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டார். தன்னுடைய பழைய அடுப்பைப் பார்த்துப் பாவப்பட்டுத் தங்கச்சி புதுசு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்த சரோஜா, முகமெல்லாம் சிரிப்பாக, "தோ, இங்கதான், இப்பிடி வையி" என்று மேடையில் இடம் ஒதுக்கினாள். மாடியிலிருந்து கலைமதி எட்டிப் பார்த்தாள்.

"மேல கொண்டு வாங்க. அது எனக்கு."

நடந்தது அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சரோஜாவின் காரக்குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. கம்பெனியில் பி ஷிப்டுக்குப் போகிற பையன்கள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு பஸ் ஏறினார்கள்.

ஒரு அடுப்புக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் கதை தெரிந்திருக்காது. பிள்ளைப்பாக்கத்தில் சரோஜாவின் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நிலம் ஒன்று, கிணறு ஒன்று, மாடு பொது. ஒரு நாள் காலையில் சித்தி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்துத் தனியாக உலை ஏற்றினாள். அடுத்த வாரம் நடுவில் சுவர் வந்தது. அடுத்த வருஷம் கிணற்றுக்கு முறை வந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகவில்லை. அந்த மூன்று கல்லில் புகை எழுந்ததை அக்காவும் தங்கையும் சேர்ந்து நின்றுதான் பார்த்தார்கள். சரோஜாவுக்குப் பதினைந்து வயது, கலைமதிக்குப் பத்து.

அது தெரிந்தவள்தானே இவள், இவளே இப்படிச் செய்யலாமா என்பதுதான் சரோஜாவின் வயிற்றெரிச்சல்.

அதுவும், அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்பது மற்றவர்களைவிடக் கலைமதிக்கு நூறு பங்கு அதிகம் தெரியும். நாட்டில் எத்தனை குடும்பம், எத்தனை பேர், யார் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கெடுக்கிற வேலை அவளுடையது. கடைசி நாலு வருஷம் அந்தக் கணக்குக்கெல்லாம் அவள்தான் தலைமை. குடும்பம் என்றால் என்ன என்பதற்கு அவர்களுடைய புத்தகத்தில் ஒரு சட்டம் உண்டு: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். டெல்லியில் ஒரு கூட்டத்தில் யாரோ அதை மாற்றி, ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு குடும்பம் என்று வைத்துவிடலாம் என்றாராம். கலைமதி மூன்று நாள் சண்டை போட்டு அடுப்பைக் காப்பாற்றிவிட்டு, அன்றைக்கு ராத்திரியே அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லு," என்று சரோஜா இங்கிருந்து கத்தினாள். "கூரையா குடும்பம்? ஒரே கூரையில மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துனு கீறவங்க எத்தினி பேரு! நீ சொன்னதுதான்டி ரைட்டு."

அப்பேர்ப்பட்ட கலைமதிதான் இப்போது மாடியில் தனி அடுப்பு மூட்டிவிட்டாள்.

தங்கச்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கணக்கெடுக்கிற ஆபீசு, பெரிய ஆபீசரு" என்பதோடு சரோஜா நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. ஆனால் அந்த உத்தியோகத்தின் ஆரம்பம் அவளுக்குத் தெரியும். சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது லீவுக்கு வந்த கலைமதி, நீளமான நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊரில் வீடு வீடாகப் போனாள். உங்கள் வீட்டில் எத்தனை மாடு, எத்தனை லிட்டர் கறக்கிறது, குழந்தைக்கு எவ்வளவு, பால் சொசைட்டிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினாள். சரோஜாவின் எருமை வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது. கறவையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டு மடி வற்றிப்போகும் என்று சரோஜா கூசாமல் இரண்டு என்றாள். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளைப்பாக்கத்துக் கறவைகள் சோடை என்று அந்த ஆராய்ச்சி முடிந்தது. ஏழு வருஷம் கழித்துச் சரோஜா உண்மையைச் சொன்னபோது கலைமதி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "எங்க சார் கிட்ட எப்பிடிக்கா சொல்லுவேன்?" என்றாள். சொல்லவும் செய்தாள். தப்பு என்று தெரிந்த கணக்கை அவள் ஒரு நாளும் மூடி வைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரிசா, பீகார் என்று மழையிலும் வெயிலிலும் கணக்கெடுத்தாள். இங்கிலாந்துக்குப் போய், பஞ்ச காலத்தில் ஏழைகள் எதை முதலில் விற்கிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். ரோமில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு டெல்லி. கல்யாணம் என்று ஒன்றை நடுவில் வைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, அல்லது கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு ஊருக்குப் போகும்போதும் "போய்ட்டு வா" என்று சொன்னது சரோஜாதான். சென்னைக்குப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று அப்பா நின்றபோது, பின்னால் கட்டிக்கொடுத்து அனுப்பிய மகள் தென்றலை அப்போது வயிற்றில் சுமந்துகொண்டு வந்து, "போவட்டும்ப்பா, இன்னா கெட்டுப்பூடும்?" என்று மல்லுக்கட்டியது அவள்தான். இங்கிலாந்துக்கும் அவள்தான் வழியனுப்பினாள். அம்மா செத்தபோது ஒரிசாவில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் கழித்து வந்து நின்றவளைக் கட்டிக்கொண்டு, "விடுறி, நீ வந்துட்ட இல்ல" என்றதும் அவள்தான்.

இப்போது அறுபத்து நாலு வயதில், ஓய்வு பெற்று, மூன்று பெட்டித் துணியும் இருபத்திரண்டு பெட்டிப் புத்தகமுமாகத் தங்கச்சி வந்துவிட்டாள், இனி எங்கேயும் போக மாட்டாள் என்று சரோஜா மனசுக்குள் தேர் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அடுப்பு வந்தது. அடுப்புக்குப் பின்னாலேயே ஆப்பிரிக்காவும் வந்தது.

ஆப்பிரிக்காவைக் கொண்டு வந்தவர் அவள் புருஷன் தாண்டவராயன். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போனது போக, மிச்சமிருந்த நாற்பது சென்டில் வெண்டையும் கத்திரியும் போட்டுக்கொண்டிருக்கிற மனிதர். ஐப்பசி பிறந்துவிட்டால் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரைப் பார்த்துத் தெருவுக்கெல்லாம் சொல்வார். அன்றைக்கும் "இருவத்தோரு அடி" என்று சொல்லிவிட்டு, அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சரோஜா, கலை போன்ல பேசினு இருந்துச்சி. நைரோபியில கூப்புடறாங்களாம்."

"அது எந்தப் பக்கம்?"

"ஆப்பிரிக்கா. சிங்கம்லாம் கீற ஊரு."

"சிங்கத்துக்கு இன்னாத்துக்குக் கணக்கு?"

"சிங்கத்துக்கு இல்லம்மே, மனுசங்களுக்கு. வூடு வூடா போயி கணக்கு எட்க்கறதுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். ரெண்டு வருஷம். இந்த மாசக் கடைசிக்குள்ள வரேன், வர்லன்னு சொல்லிடணுமாம்."

சரோஜா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அரிவது நிற்கவில்லை.

"போவட்டும்," என்றாள்.

"நீ ஒரு வார்த்தை இருன்னு சொல்லேன்."

"நான் எந்தக் காலத்துல அவள இருன்னு சொல்லிக்கீறேன், இப்ப சொல்றதுக்கு? அதான் தனி அடுப்பு வாங்கி வெச்சிக்கிச்சே மகாராணி. இங்கருந்தா இன்னா, சிங்கத்தாண்ட இருந்தா இன்னா."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அவரும் அப்படியே நினைத்துக்கொண்ட மாதிரி நகர்ந்துவிட்டார். ஐம்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் அது.

இப்படியே நாள் ஓடியது. காலையில் கலைமதி கீழே வந்து, "அக்கா, காப்பி குடிச்சியா?" என்பாள். சரோஜா, "ஆச்சி" என்பாள். பத்து மணிக்கு மேலே மிக்சி ஓடும், பருப்பு தாளிக்கிற வாசம் இறங்கும். சரோஜா தன் பாட்டுக்குக் குழம்பைக் கிளறுவாள். வாசம் வரும்போதெல்லாம் கரண்டிச் சத்தம் கொஞ்சம் கூடும்.

சரோஜாவின் எருமைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வரிசையாக ஐந்து அறைகள். தூத்துக்குடி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள் பதினோரு பேர் அங்கே தங்கி ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் போய் வந்தார்கள். சோறும் சரோஜாவிடம்தான். விடிகாலை நாலரைக்கு ஏ ஷிப்டுக்காரர்களுக்கு டப்பா கட்ட வேண்டும். பன்னிரண்டரைக்குப் பி ஷிப்டு சாப்பிட்டு பஸ் பிடிக்கும். ஏ ஷிப்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்து உட்காரும். நடுவில் ஓ.டி. என்று கூடுதல் நேரம் பார்த்துவிட்டு வருகிற ஒருவன் எந்த நேரத்தில் வந்து தட்டை எடுப்பான் என்று அவனுக்கே தெரியாது. சரோஜாவுக்கு அறுபத்தொன்பது வயது. வலது முட்டியில் தேய்மானம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பி ஷிப்டில் மற்றவர்களெல்லாம் போய்விட, கொம்பையா மட்டும் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயசுக்காரன், கம்பெனி லைனில் பழைய ஆள், ஊரில் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

"அம்மா, மேல இருக்க அம்மா என்னமும் விசேசமா சமைக்காகளா? வாசம் ஆளைத் தூக்குது."

"பருப்பு தாளிக்கிறது ஒரு விசேசமா? நீ உன் தட்டப் பாத்துத் துன்னு. பஸ்ஸு வந்துரும்."

அப்போதுதான் வாசலில், "அம்மா, வீட்டுல யாரும்மா இருக்கீக?" என்று குரல் கேட்டது. குடையை மடக்கியபடி ஒரு பெண் நின்றாள். இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, மார்போடு அணைத்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய, பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப். முழங்கால் வரை சேறு.

"சர்வே எடுக்க வந்திருக்கேன்மா. பேரு முத்துச்செல்வி. குலுக்கல்ல இந்தத் தெருவுல எட்டு வீடு விழுந்திருக்கு, உங்க வீடும் ஒண்ணு. ஒரு மணி நேரம் ஆகும். பொறுமையாச் சொல்லணும்."

கொம்பையா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தான். "நீங்க எந்த ஊரு?"

"எட்டயபுரம் பக்கம்."

"அதான பாத்தேன்," என்று அவன் ஒரு பெரிய சொந்தக்காரியைக் கண்டுபிடித்தது போலச் சிரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினான். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

தாண்டவராயன் நாற்காலி எடுத்துப் போட்டார். சரோஜா துண்டு கொடுத்து, "காலத் தொடைம்மா, ஜன்னி கண்டுடப் போவுது" என்றாள். கேள்விகள் ஆரம்பித்தன. பேர், வயசு, படிப்பு. சரோஜா எட்டாவது. தாண்டவராயன் பத்தாவது பெயில்.

"நீங்க என்ன வேலை பாக்கீங்கம்மா?"

"நானா? நான் இன்னா வேல பாக்கறேன்? வூட்ல சும்மா தான் கீறேன்."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கலைமதி பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். சர்வேக்காரியின் குரல் கேட்டு, பழைய போர்க்குதிரைக்குக் கொம்பு ஊதினது போலக் காரியத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் கரண்டி.

"சும்மாவா? நாலரைக்கு எழுந்து பதினோரு பேருக்குச் சமைக்கிறவ சும்மா இருக்கறவளா? அதை எழுதாதம்மா, தப்பு."

முத்துச்செல்வி எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொன்னாள்: "மேடம், நீங்க அங்கன உக்காருங்க. ஒருத்தர்ட்ட கேக்கையில மூணாவது ஆளு பதில் சொல்லக் கூடாது. எங்களுக்கு ட்ரெயினிங்ல கண்டிசனாச் சொல்லியிருக்காக."

கலைமதி வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அந்தக் கண்டிஷனைப் போட்டவளே அவள்தான். தாண்டவராயன் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். தங்கச்சியை ஒருத்தி அதட்டி உட்கார வைத்ததில் சரோஜாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். இருபத்தாறு நாளில் முதல் சந்தோஷம்.

முத்துச்செல்வி சரோஜாவிடம் திரும்பினாள். "சரிம்மா. இவ்வளவு பெரிய சட்டி எதுக்கு வச்சிருக்கீக?"

"பசங்களுக்கு."

"பசங்க உங்க பிள்ளையளா?"

"வாடகைக்குக் கீற பசங்க. மாசம் துட்டு குடுத்துத் துன்றாங்க."

"அப்பம் நீங்க சமைச்சுப் போட்டுச் சம்பாதிக்கீக. சும்மா இல்லம்மா. தொழில்னு எழுதுதேன்," என்று டேப்பைத் தட்டினாள். படியில் உட்கார்ந்திருந்த கலைமதியின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுப் பதிலை வெளியே கொண்டு வருகிற பிள்ளையைப் பார்த்தால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

சரோஜாவுக்குத்தான் புதுச் சந்தேகம் வந்தது. "அப்ப இந்தப் பசங்கள்லாம் எங் குடும்பத்துல வருவாங்களா? ஒரே அடுப்புதான?"

"துட்டு குடுத்துச் சாப்பிடுதாகள்லாம்மா. அவுக ஒவ்வொருத்தரும் தனித்தனிக் குடும்பம்."

"சரி. தோ, இவ என் தங்கச்சி. மேல கீறா."

"மேல சமையல் தனியாம்மா?"

சரோஜா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"தனிதான்," என்றாள்.

"அப்பம் அவுகளும் தனிக் குடும்பம்."

"ஆக மொத்தம் எனக்குன்னு கீறது இந்தாளு ஒருத்தர்தானா?" என்று சரோஜா தாண்டவராயனைக் கை காட்டினாள். கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து கலைமதி. படியிலிருந்து இறங்கி வந்து, அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சில் மறு கோடியில் உட்கார்ந்தாள்.

"குடும்பத் தலைவர் பேரு?"

"கலைமதி."

"மொத்தம் எத்தன பேரு?"

"ஒருத்தர்."

"என்ன வேலை பாத்தீங்க மேடம்?"

"உன் வேலைதாம்மா. முதல்ல கேட்டு எழுதினேன். அப்புறம் ஒரு நாற்காலியில உட்கார வச்சிட்டாங்க."

"அடேயப்பா, நம்ம டிபார்ட்மென்ட்டா!" என்று முத்துச்செல்வி சந்தோஷப்பட்டாள். "அப்பம் உங்களுக்கே தெரியும். அடுத்த கேள்வி. இன்னும் ஆறு மாசத்துக்கு மேல இங்கனயே இருக்கணும்னு எண்ணம் உண்டா? ஆமா, இல்ல."

சரோஜா தலையைத் திருப்பவில்லை. கீரைக் கட்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது, எடுத்து ஆயத் தொடங்கினாள். ஒரு மாதமாக அவள் நாக்கு நுனியில் நின்ற கேள்வியை எட்டயபுரத்துப் பெண் ஒருத்தி வந்து, மழைக்கு ஒதுங்கினாற்போல உட்கார்ந்துகொண்டு, இப்படிப் பட்டென்று கேட்டுவிட்டாள்.

கலைமதியோ நைரோபிக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பத்து தரம் திறந்து பத்து தரம் மூடியவள். "தெரியாதுன்னு ஒரு கட்டம் இருக்குமே?" என்றாள்.

"இல்ல மேடம். முன்ன இருந்துச்சாம். அதிருந்தா எல்லாரும் அதையே சொல்லித் தப்பிச்சிருதாகன்னு, டெல்லியில யாரோ ஒரு பெரிய மேடம் எடுத்துட்டாகளாம்."

"சரியாத்தான் எடுத்திருக்காங்க," என்று கலைமதி முனகினாள். "கடைசியில கேளு. மத்ததை முடி."

சாப்பாட்டுப் பகுதி வந்தது. கலைமதி கணக்குப் பிசகாமல் சொன்னாள். சர்க்கரை வியாதி உண்டு. காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி இரண்டு சப்பாத்தி. சோறு மத்தியானம் ஒரு வேளைதான். துவரம்பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு.

"அரிசி?"

"இருபத்தாறு நாள் சமைச்சேன். பத்து கிலோ நானூறு."

முத்துச்செல்வி தட்டப் போனவள் நிறுத்தினாள். விரலை மடக்கிப் போட்டுப் பார்த்தாள். "நாளைக்கு நானூறு கிராம் வருது மேடம். சர்க்கரைன்னு சொன்னீங்க, ஒரு வேளைதான்னு சொன்னீங்க. ஒத்த வேளைக்கு நானூறு கிராமா? எங்கையா வயக்காட்டுல வேலை செஞ்சிட்டு வந்தும் அம்புட்டுச் சாப்பிட மாட்டாக."

"எனக்கு நூறு கிராம்தான்."

"மிச்சம்?"

கலைமதி கையிலிருந்த கரண்டியைப் பெஞ்சில் வைத்தாள். வேறு யாராக இருந்தாலும் மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன், மூன்று கிலோ என்று போடு என்று தப்பித்திருப்பார்கள். இவளுக்கு அது வராது. நாற்பது வருஷமாக ஊர் உலகத்தையெல்லாம் உண்மையைச் சொல்லு என்று கேட்டவள்.

"ரெண்டு பேருக்கு ஆக்கினேன்," என்றாள்.

"ஒருத்தர்னுதான சொன்னீங்க. ரெண்டாவது ஆளு யாரு மேடம்? பேரச் சேக்கணும்லா."

"சேர்க்க முடியாது. அவங்க சாப்பிட வரல."

"இருவத்தாறு நாளுமா?"

"இருபத்தாறு நாளும்."

"அப்பம் சோறு?"

"தண்ணி ஊத்தி வச்சு, காலையில பின்வீட்டு மாட்டுக்கு ஊத்திடுவேன்."

"அதான் அந்தப் பசு நம்ம கேட்டாண்டயே வந்து நிக்குதா!" என்றார் தாண்டவராயன். சொன்ன பிறகுதான் அவருக்கும் விளங்கியது. 

சரோஜாவின் கையில் கீரைத்தண்டு பாதி ஆய்ந்தபடி இருந்தது. "யாருக்குடி ஆக்கின?" என்றாள்.

"யாருக்கு ஆக்குவாங்க?" கலைமதியின் டெல்லித் தமிழ் எங்கேயோ கழன்று விழுந்தது. "பதினோரு பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு நீ துன்றப்ப மணி மூணாவுது. அதுவும் உக்காந்தா துன்ற? சட்டியில ஒட்டினத வழிச்சி, நின்னுகினே ரெண்டு வாயி. வந்த நாலு நாளும் பாத்தேன். யாரு உனக்குத் தட்டு வெச்சாங்க? அதுக்குத்தான் அந்த அடுப்ப வாங்கினேன். ஒரு வேளையாச்சும் நீ உக்காரணும், நான் போடணும்னு."

"இத்த வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"சொன்னா வருவியா? பசங்க பாத்துனு கீறாங்க, எனக்கு வேல கீதுன்னுவ. வாசம் புடிச்சினு நீயே வருவன்னு இருந்தேன். நீ கரண்டியத் தட்டிக்கினு கீழயே நின்ன."

"நான் இன்னா நெனைச்சேன்னு தெரியுமா உனக்கு? சித்தி மாரி நீயும்…" சரோஜா கீரைத்தண்டைப் பட்டென்று ஒடித்தாள். தங்கச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நினைப்பு தனக்கு ஒரு தரம்கூட வரவில்லையே என்கிற அதிர்ச்சி அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஊர் ஊராக அடுப்பை எண்ணியவள், தன் வீட்டு அடுப்பை மட்டும் வெறும் அடுப்பு என்று நினைத்துவிட்டாள்.

முத்துச்செல்விக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டேப்பைப் பார்த்தாள். அதில் விட்டுப்போன கேள்வி ஒன்று மேலே வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. தொண்டையைச் செருமினாள்.

"மேடம், அந்த ஒண்ணு மட்டும் பாக்கி. ஆறு மாசத்துக்கு மேல இருக்கீங்களா?"

"இரு," என்றாள் சரோஜா.

"அம்மா, நீங்க பதில் சொல்லக் கூடாதும்மா. அவுகதான்…"

"நான் எங்கம்மா பதில் சொன்னேன்? நான் அவளக் கேக்கறேன்." சரோஜா கீரையை மடியிலிருந்து தள்ளிவிட்டுப் பெஞ்சின் மறு கோடிக்குத் திரும்பினாள். "போறப்பலாம் போய்ட்டு வா, போய்ட்டு வான்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். வாசல்ல சிரிச்சிக்கினு நின்னுட்டு, உள்ள வந்து எத்தினி வாட்டி அழுதிருப்பேன்னு இந்தாளக் கேளு. இனிமே என்னால முடியாது. இரு கலை. போவாத."

தாண்டவராயன் வாசல் பக்கம் எழுந்து போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலைமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள்.

"ஆமான்னு போடும்மா," என்றாள்.

முத்துச்செல்வி தட்டினாள். டேப்பை உறையில் சுற்றினாள். பிறகு ரொம்பக் குற்ற உணர்ச்சியோடு, "ஆனா இன்னைக்கித் தேதிக்கு ரெண்டு குடும்பம்னுதான் போகும். அடுப்பு ரெண்டுல்லா," என்றாள்.

"அப்படித்தான் போகணும்," என்றாள் கலைமதி. "உள்ளதை மாத்தி எழுதக் கூடாது."

"எழுதிக்கோ, ரெண்டோ மூணோ," என்றாள் சரோஜா. "ஒரு குடும்பத்துக்காரி இன்னொரு குடும்பத்துல போயி துன்னக் கூடாதுன்னு உன் பொஸ்தவத்துல எதுனா போட்டுக்கீதா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப எந்திரி கலை. மணி ரெண்டு ஆவப்போவுது. எனக்குப் பசிக்குது, சோறு போடு."

வாசலில் நின்ற தாண்டவராயன் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சரோஜா அப்படி யாரிடமும் கேட்டு அவர் பார்த்ததில்லை. கலைமதி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சாம்பாரைச் சுட வைக்க மாடிக்கு ஓடினாள்.